பென்சில் செல் போடும் டார்ச் லைட்: வாங்கும் முன் எழும் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் அவசரத்துக்கு ஒரு டார்ச் லைட் வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது, தெருமுனைப் பெட்டிக்கடையில் கிடைக்கும் செல்லிலேயே அது எரிய வேண்டும் என்று நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. மின்வெட்டும் புயலும் பழகிப்போன தமிழ்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சார்ஜ் செய்துகொள்ளும் டார்ச் மலிவாகவே கிடைக்கும்போது, செல் போடும் டார்ச்சை ஏன் தேட வேண்டும்?

இரவுக் காவலர், விடியுமுன் பால் ஊற்றப் போகிறவர், இரவில் மோட்டார் போட வயலுக்குப் போகிறவர் என்று நாள்தோறும் டார்ச்சை எடுப்பவர்களுக்குச் சார்ஜ் டார்ச் நல்ல தேர்வுதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்துவிட்டு, ஏதோ ஒரு மழை இரவில்தான் கைக்கு வருகிறது. மலிவான சார்ஜ் டார்ச்சுகள் பலவற்றின் உள்ளே இருப்பது சிறிய ஈய-அமில பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் அது சில மாதங்கள் கிடந்தால், அதன் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து கெட்டிப்பட்டுவிடும். அதன் பிறகு இரவு முழுவதும் பிளக்கில் செருகி வைத்தாலும் பத்து நிமிடம்கூட எரியாது. பேட்டரியை மட்டும் மாற்றலாம் என்று திறந்தால், அதே அளவில் மாற்று பேட்டரி கடையில் கிடைப்பதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, டெல்டாவில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. அந்தப் பகுதியில் இருக்கும் எங்கள் உறவினர் வீட்டில் சார்ஜ் டார்ச் இரண்டாம் இரவே அணைந்துவிட்டது. அதைச் சார்ஜ் செய்ய ஊரில் மின்சாரம் இல்லை. கடைசி வரை உதவியது ஒரே ஒரு பென்சில் செல் போடும் சிறிய டார்ச்தான். அதற்கான செல்லைச் சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றினார்கள். அது தீர்ந்ததும் பக்கத்து வீட்டுக் கடிகாரத்தின் செல் வந்தது. அவசர காலத்தில் நம்மைச் சுற்றி ஏற்கெனவே இருக்கும் செல்லையே பயன்படுத்திக்கொள்ள முடிவதுதான் இந்த வகை டார்ச்சின் உண்மையான பலம் என்பதை அன்று கண்ணாரக் கண்டோம்.

பெரிய கட்டை, பென்சில் செல், ரிமோட் செல் ஆகிய மூன்றில் எது போடும் டார்ச்சை வாங்கலாம்?

பென்சில் செல் எனப்படும் ஏஏ அளவு செல் போடும் டார்ச்சை வாங்குங்கள். அதிலும் இரண்டு செல் போடுவது வீட்டுக்கு மிகவும் பொருத்தமானது. ஏஏ செல்லின் விட்டம் 14.5 மில்லிமீட்டர், நீளம் 50.5 மில்லிமீட்டர். ரிமோட் செல் என்று கடையில் கேட்டு வாங்கும் ஏஏஏ செல் 10.5 மில்லிமீட்டர் விட்டமும் 44.5 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. பார்வைக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று தோன்றினாலும், ஏஏஏ செல்லுக்குள் அடங்கும் ஆற்றல் ஏஏ செல்லில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. ரீசார்ஜ் செல்லை எடுத்துக்கொண்டால், ஏஏ 2000 மில்லி ஆம்பியர் மணி (செல்லின் கொள்ளளவைக் குறிக்கும் அலகு) அளவுக்கும் ஏஏஏ 800 அளவுக்கும் வரும். ஆகவே மூன்று ஏஏஏ செல் போடும் டார்ச்சைவிட இரண்டு ஏஏ செல் போடுவது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் எரியும்.

மூன்று ஏஏஏ செல்லை ஒரு சிறிய பிளாஸ்டிக் கூட்டில் அடுக்கி உள்ளே நுழைக்கும், முகப்பில் ஒன்பது சிறு எல்இடி பதித்த டார்ச்சுகள் சந்தையெங்கும் கிடைக்கின்றன. வெள்ளை எல்இடி எரிய ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. மூன்று செல் சேர்ந்தால் 4.5 வோல்ட் வந்துவிடுவதால், தனியாக ஒரு மின்சுற்று வைக்கும் செலவு தயாரிப்பாளருக்கு மிச்சமாகிறது. அந்தக் கூடு உருவானதே அதற்காகத்தான். அதன் பலனாக, புதுச் செல் போட்டவுடன் பளிச்சென்று எரியும் வெளிச்சம் போகப் போக மங்கிக்கொண்டே வரும். கூட்டின் மெல்லிய தகடுகளில் ஒன்றில் களிம்பு பிடித்தாலும் விளக்கு முழுவதும் அணைந்துவிடும். ஒற்றை ஏஏ செல்லில் எரியும் டார்ச்சில் 1.5 வோல்ட்டை உயர்த்தித் தரும் சுற்று கட்டாயம் இருந்தாக வேண்டும் என்பதால், அந்த வகையில் தரம் சற்றுக் கூடுதலாக இருப்பதைப் பார்க்கலாம்.

பெரிய கட்டை எனப்படும் டி அளவு செல் போடும் டார்ச் நெடுநேரம் எரியும். ஆனால் ரிமோட்டிலோ கடிகாரத்திலோ இருந்து அதற்குச் செல் கடன் வாங்க முடியாது.

ஒரே செல்லில் 10,000 லூமென் என்று அட்டையில் போட்டிருக்கிறார்களே, அது உண்மையா?

இல்லை. அப்படி இருக்கவும் முடியாது என்பதை நீங்களே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த ஒளியின் அளவு. இன்றைய நல்ல எல்இடி, மின்சுற்றில் ஆகும் இழப்பையும் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு வாட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 80 முதல் 100 லூமென் தரும். நல்ல ரீசார்ஜ் ஏஏ செல் ஒன்றிலிருந்து 2 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம், 1.2 வோல்ட்டில் அது 2.4 வாட் ஆகிறது. அதிலிருந்து வரக்கூடிய ஒளி 200 லூமென்னை ஒட்டியே இருக்கும். சில நல்ல டார்ச்சுகள் செல்லை இன்னும் கசக்கிப் பிழிந்து சில நிமிடங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தரும். ஒற்றைப் பென்சில் செல்லுக்கு ஆயிரக்கணக்கில் லூமென் என்று அச்சடித்திருந்தால், அந்த அட்டையில் உள்ள மற்ற எண்களையும் நம்ப வேண்டியதில்லை.

இதே கணக்கு எரியும் நேரத்துக்கும் உதவும். இரண்டு ரீசார்ஜ் ஏஏ செல்லில் உள்ள ஆற்றல் 4.8 வாட் மணி. 100 லூமென் வைத்தால் சுமார் நான்கு மணி நேரம் எரியும். 20 லூமென்னுக்குக் குறைத்துக்கொண்டால் சுமார் இருபது மணி நேரம் வரும். கடையில் நிற்கும்போது இந்த இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும்.

அப்படியானால் வீட்டுக்கு எத்தனை லூமென் தேவை?

மின்வெட்டின்போது ஓர் அறைக்குள் நடமாடவும், சமையலறையில் பாத்திரம் தேடவும் 20 லூமென் தாராளம். டார்ச்சைக் குடிக்கும் தம்ளருக்குள் நிமிர்த்தி வைத்து வெள்ளைக் கூரையை நோக்கி எரியவிட்டால், 50 லூமென் வெளிச்சத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடலாம். தெருவிளக்கு இல்லாத பாதையில் நடக்க 100 லூமென் வேண்டும். தோப்பு, வயல், கிணற்றடி என்று போகிறவர்களுக்கு 200 இருந்தால் நல்லது.

எண்ணிக்கையைவிட ஒளி எப்படி விழுகிறது என்பதே முக்கியம். பாம்புக் கடியைத் தவிர்ப்பதற்காக டார்ச் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. அது காலடியில்தான் இருக்கும், தூரத்தில் இருக்காது. குவிந்த ஒளி எதிரே உள்ள தென்னையின் உச்சியைக் காட்டும். ஆனால் இரண்டு அடி தள்ளி வரப்பின் ஓரத்தில் என்ன கிடக்கிறது என்பதைக் காட்டாமல் விட்டுவிடும். பரந்து விழும் ஒளி கொண்ட டார்ச்சை வாங்கி, அதைத் தரையை நோக்கிப் பிடித்து நடப்பதே பாதுகாப்பு. முகப்பை இழுத்தால் ஒளி குவியவும் தள்ளினால் விரியவும் செய்யும் ஜூம் டார்ச்சுகள் இரண்டு வேலைக்கும் உதவும் என்றாலும், அந்த நகரும் பகுதியின் வழியே தண்ணீரும் தூசியும் எளிதில் உள்ளே போகும்.

'தூரம் 100 மீட்டர், நேரம் 30 மணி' என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

டார்ச்சுகளை அளப்பதற்கு எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தரநிலை 2009இல் வந்தது. பெயர் பெற்ற தயாரிப்பாளர்கள் அதையே பின்பற்றுகிறார்கள். அந்த முறையில், ஒளி 0.25 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் ஒளியை அளக்கும் அலகு) அளவுக்குக் குறையும் இடம் வரைக்கும் உள்ள தொலைவே 'தூரம்' எனப்படுகிறது. 0.25 லக்ஸ் என்பது பௌர்ணமி நிலவொளி போன்றது. எனவே 100 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்த இடத்தில் நிற்பவரின் முகம் தெரியாது, ஆள் நிற்பது மட்டும் மங்கலாகத் தெரியும். தூரத்தைப் பாதியாக்கினால் ஒளி நான்கு மடங்காகும் என்பதால், போட்டிருக்கும் எண்ணில் பாதியைப் பயன்படும் தூரமாகக் கொள்வது நியாயமான கணக்கு.

எரியும் நேரமோ, தொடக்க ஒளியில் பத்தில் ஒரு பங்காக அது குறையும் வரை அளக்கப்படுகிறது. ஒளியைச் சீராக வைத்திருக்கும் சுற்று இல்லாத டார்ச்சில், முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விட்டு, மீதி நேரம் முழுவதும் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். அந்த மங்கல் வெளிச்சமும் 30 மணி நேரக் கணக்கில் சேர்ந்துகொள்கிறது.

பத்து இருபது ரூபாய்ச் செல் போதாதா? அல்கலைன், ரீசார்ஜ் என்று செலவு செய்வது அவசியமா?

கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் சாதாரணச் செல் முற்றிலும் போதும், ஏனென்றால் அவை மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுக்கின்றன. டார்ச்சுக்கு அது ஏற்றதல்ல. சாதாரணச் செல் என்பது துத்தநாகமும் கார்பனும் கொண்டது. அதிகமாக மின்னோட்டம் இழுத்தால் விரைவில் சோர்ந்துவிடும். அதைவிடப் பெரிய குறை, அதன் வெளிக்கூடாக இருக்கும் துத்தநாகமே வேதிவினையில் கரைந்துகொண்டு போவதுதான். கூடு மெலிந்து ஓட்டை விழுந்தால் உள்ளே உள்ள பசை கசிந்து, டார்ச்சையே கெடுத்துவிடும். பழைய கட்டைகளை உடைத்து, உள்ளே இருக்கும் கறுப்புப் பொடியைக் கரும்பலகையில் பூசிய பள்ளி நாட்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கட்டைகளின் ஓரங்கள் எப்படி அரித்துப்போயிருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

அல்கலைன் செல் இதைவிடப் பல மடங்கு வேலை செய்யும், பிரிக்காத நிலையில் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை கெடாமல் இருக்கும். ஆனால் 1 ஆம்பியர் போன்ற பெரிய மின்னோட்டத்தில் அதன் முழுக் கொள்ளளவில் பாதிகூடக் கிடைக்காது. டார்ச்சைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்தால்தான் போட்ட காசு திரும்பும். தீர்ந்த பிறகு டார்ச்சுக்குள்ளேயே விட்டுவிட்டால் அதுவும் கசியும்.

என் பரிந்துரை, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ரீசார்ஜ் செல். அதிலும் 'தானாகச் சார்ஜ் இறங்காதது' என்று குறிப்பிடப்படும் வகையையே கேட்டு வாங்க வேண்டும். பழைய வகை ரீசார்ஜ் செல் சும்மா இருக்கும்போதே மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு சார்ஜை இழக்கும். நம் ஊர் வெயிலில் இன்னும் விரைவாக இழக்கும். ஜப்பானின் சான்யோ நிறுவனம் 2005இல் எனிலூப் என்ற பெயரில் கொண்டுவந்த புதிய வகை, ஓர் ஆண்டு கழிந்த பிறகும் சுமார் 85 விழுக்காட்டைத் தக்கவைத்துக்கொள்கிறது. இப்போது அதே பெயரில் பானசோனிக் விற்கிறது. வேறு பல நிறுவனங்களும் இதே வகையைத் தருகின்றன. ஓர் அல்கலைன் செல் 40 ரூபாய், ஒரு ரீசார்ஜ் செல் 240 ரூபாய் என்று கொண்டால், ஆறு முறை சார்ஜ் செய்ததும் செல்லின் விலை வந்துவிடும். அந்தச் செல்லோ நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏறக்கூடியது. பெட்டியில் 3000, 4000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கும் ஏஏ ரீசார்ஜ் செல்லை வாங்க வேண்டாம். அந்த அளவுக்கு அத்தனை கொள்ளளவு அடங்காது.

செல்லின் மேல் உள்ள குறியீட்டைப் பார்த்தும் வகையை அறியலாம். ஆர்6 என்றால் சாதாரணம், எல்ஆர்6 என்றால் அல்கலைன், எச்ஆர்6 என்றால் ரீசார்ஜ்.

சார்ஜர் எப்படி இருக்க வேண்டும்?

ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து, நிறைந்ததும் தானாக நிறுத்தும் சார்ஜரே வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் தனி விளக்கு இருப்பது அதற்கான அடையாளம். செல்லை இரண்டிரண்டாக மட்டுமே போடச் சொல்லும் மலிவான சார்ஜர், ஒன்றை அளவுக்கு மீறி நிரப்பி மற்றதை அரைகுறையாக விட்டுவிடும். செல் கெட்டுப்போனதாக எண்ணித் தூக்கிப் போடுகிற பலர் உண்மையில் குறை சொல்ல வேண்டியது சார்ஜரைத்தான்.

பென்சில் செல் அளவிலேயே லித்தியம் செல் கிடைக்கிறதே, அதைப் போடலாமா?

மூன்று வகைகள் இந்தப் பெயரில் விற்கப்படுகின்றன, குழப்பிக்கொள்ளக் கூடாது. சார்ஜ் செய்ய முடியாத 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ செல் எடை குறைந்தது, எளிதில் கசியாதது, பத்து ஆண்டுகளுக்கு மேல் கெடாதது, விலைதான் அதிகம். காரில் நிரந்தரமாக வைக்கும் டார்ச்சுக்கு அது மிகச் சிறந்தது. யூஎஸ்பி ஒயரில் சார்ஜ் செய்யும் 1.5 வோல்ட் செல் கடைசி நொடி வரை ஒரே சீராக எரிந்துவிட்டு, முன்னறிவிப்பின்றிச் சட்டென்று அணைந்துவிடும். மூன்றாவது, 14500 என்ற எண் கொண்ட 3.7 வோல்ட் செல். உருவத்தில் ஏஏ போலவே இருக்கும் அதைச் சாதாரண ஏஏ டார்ச்சில் போட்டால் எல்இடி எரிந்துபோகலாம். கையேட்டில் 14500 போடலாம் என்று எழுதியிருந்தால் ஒழிய, அதை உள்ளே நுழைக்காதீர்கள்.

வெளிச்சத்தின் நிறம் முக்கியமா?

ஆம், பலர் நினைப்பதைவிட முக்கியம். மலிவான டார்ச்சுகளில் வரும் நீலம் பாய்ந்த வெண்மை 6500 கெல்வினை (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) ஒட்டியது. அதில் காய்ந்த சருகும் மண்ணும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும், புண்ணின் சிவப்பும் மாத்திரைகளின் நிறமும் சரியாகப் பிடிபடாது. 4000 முதல் 5000 கெல்வின் வரையிலான ஒளி கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

மழையில் நனைந்தால் என்ன ஆகும்?

நீரைத் தாங்கும் திறனைக் காட்டும் குறியீடு ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் மேலே தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். வீட்டுக்கு முதலாவதே போதும். வெள்ளம் வரும் பகுதியில் இருப்பவர்கள் இரண்டாவதைத் தேடலாம். மூடியின் மரையில் கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். வளையம் இல்லாத டார்ச்சில் எந்தக் குறியீட்டை அச்சடித்திருந்தாலும் அதற்குப் பொருளில்லை.

செல் கசிந்து வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. டார்ச்சைக் காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். சென்ற ஆண்டு அலமாரியிலிருந்து எடுத்த எங்கள் டார்ச்சின் மூடியைத் திறந்தபோது, சுருள்கம்பியின் அடியில் உப்பளத்துப் பொருக்குப் போல வெண்மையாகப் பூத்திருந்தது. செல் உள்ளே ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் வரவில்லை. அல்கலைன் செல்லிலிருந்து வருவது காரத்தன்மை உள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அதைக் கையால் தொடக் கூடாது, கண்ணில் படவும் கூடாது. பழைய பல்துலக்கியை எலுமிச்சைச் சாற்றில் நனைத்துத் தேய்த்தபோது, பொருக்கு நுரைத்துக் கரைந்தது. பிறகு ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, சுருள்கம்பியின் முனையை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்ததும் டார்ச் எரிந்தது. சாதாரணச் செல்லின் கசிவு அமிலத்தன்மை உள்ளது என்பதால், அதற்கு எலுமிச்சைக்குப் பதிலாகச் சமையல் சோடா கரைத்த நீரைப் பயன்படுத்த வேண்டும்.

புதுச் செல்லையும் பழைய செல்லையும் கலந்து போடுவதும் கசிவுக்கு முக்கியக் காரணம். வலுவான செல், வலுவிழந்த செல் தீர்ந்த பிறகும் அதன் வழியே மின்னோட்டத்தை வலுக்கட்டாயமாகத் தள்ள, உள்ளே வாயு உருவாகிப் பசையை வெளியே தள்ளிவிடும்.

தீர்ந்த செல்லை வெயிலில் காயவைத்தால் உயிர் வருமா?

நம் கிராமங்களில் காலங்காலமாகச் செய்வதுதான் இது. கொஞ்ச நேரம் எரியவும் செய்யும். சூட்டில் வேதிவினை வேகம் பெறுவதாலும், ஓய்வு கிடைப்பதாலும் மிச்சம் மீதி இருக்கும் ஆற்றல் வெளியே வருகிறது. புதிதாக எதுவும் ஏறுவதில்லை, கசிவுதான் விரைவாகும்.

தாத்தா காலத்து மூன்று கட்டை பித்தளை டார்ச் இருக்கிறது. அதை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். பழைய பல்பு பொருந்தும் அதே இடத்தில் பொருந்தும் எல்இடி பல்பு மின்சாதனக் கடைகளில் கிடைக்கிறது. மூன்று செல்லுக்கு உரியது என்று சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். பென்சில் செல்லைப் பெரிய கட்டையின் அளவுக்கு மாற்றும் பிளாஸ்டிக் உறைகளும் உண்டு. மூன்று ரீசார்ஜ் பென்சில் செல்லை அந்த உறைகளில் இட்டு உள்ளே போட்டால், அந்த டார்ச் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். பித்தளைச் சுவிட்சின் உட்பகுதியில் பச்சைக் களிம்பு இருந்தால் முதலில் அதைச் சுரண்டிவிடுங்கள்.

கடையில் எதையெல்லாம் சோதித்து வாங்க வேண்டும்?

உங்கள் செல்லையே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். எரியும்போது உள்ளங்கையில் இரண்டு முறை தட்டுங்கள். வெளிச்சம் துடித்தால் அந்த டார்ச் வேண்டாம். மூடியை நான்கைந்து முறை திருகிக் கழற்றி மாட்டுங்கள், மரை வழுக்கக் கூடாது. குறைந்த வெளிச்சம், நிறைந்த வெளிச்சம் என இரண்டு நிலைகளாவது இருக்க வேண்டும். மினுக்கி எரியும் நிலை இருந்தால், அணைக்கும் ஒவ்வொரு முறையும் அதைக் கடந்து போக வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். வயதானவர்களுக்கு அது பெரும் தொல்லை. ஆறடி தள்ளியுள்ள சுவரில் ஒளியை அடித்து, வளையம் வளையமாகவோ கறுப்புத் திட்டாகவோ விழாமல் நடுவிலிருந்து ஓரம் வரை சீராகக் குறைகிறதா என்று கவனியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் எதை எடுத்து வைக்க வேண்டும்?

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு செல் டார்ச் ஒன்றும், ஒற்றைச் செல் டார்ச் ஒன்றும் போதும். நான்கு ரீசார்ஜ் செல்லைப் புரட்டாசியிலேயே சார்ஜ் செய்து டார்ச்சில் போட்டதுபோக மீதியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு மேல் நான்கு அல்கலைன் செல்லைப் பிரிக்காத அட்டையோடு சேமித்து, காலாவதி ஆண்டைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். செல்லைச் சில்லறைக் காசோ சாவியோ கிடக்கும் டப்பாவில் போடக் கூடாது, இரு முனைகளும் உலோகத்தில் பட்டால் சூடேறும். டார்ச்சுக்கு ஓர் ஆணியில் நிரந்தர இடம் கொடுங்கள். இருட்டில் வீட்டில் எல்லாருடைய கையும் எட்டும் உயரத்தில், படுக்கையறைக் கதவின் ஓரமாக இருந்தால் நல்லது. ரீசார்ஜ் செல் போட்டது அங்கேயே தொங்கலாம். அல்கலைன் போட்டதாக இருந்தால் அமாவாசைக்கு அமாவாசை ஒரு முறை எரித்துப் பார்த்து, வெளிச்சம் மங்கியிருந்தால் அன்றே செல்லைக் கழற்றிவிடுங்கள்.